எஞ்சின் ஓடுது, வண்டி நகரல

இந்த எபிசோட் பாலாத்துப் பாலத்து மேல ஆரம்பிக்குது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, அம்மாச்சியைப் பார்க்க திண்டிவனம் போயிட்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டி பாலாத்துப் பாலம். நாலாவது கியர், 60-க்கு பக்கத்துல. பின்னாடி ஒரு டாரஸ் லாரி. திடீர்னு வண்டிக்குக் கீழ ஒரு 'டக்'. எஞ்சின் சத்தம் மட்டும் கூரையைப் பிச்சுக்கிட்டு ஏறுது, வண்டி ஏறல. ஆக்சிலேட்டரைத் திருகினா சத்தம் வருது, வேகம் வரல. லாரிக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே என்னைச் சுத்திப் போனார். அந்த ரெண்டு செகண்ட் எனக்கு இன்னும் கனவுல வருது.

ஓரமா நிறுத்தினேன். எஞ்சின் அழகா ஐடிலிங்ல ஓடிட்டிருக்கு. முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன். ஒண்ணும் ஆகல. எஞ்சின் ஆஃப்கூட ஆகல. நியூட்ரல்ல இருக்கிற மாதிரியே நிக்குது.

நான் படிச்சது மெக்கானிக்கல். வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர். தமிழ்நாட்டுல இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. ஆனாலும் நாலு வருஷம் படிச்ச ரோஷம் இருக்குல்ல? "கிளட்ச் பிளேட் போச்சு"ன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். பாலத்து மேலேயே குனிஞ்சு கிளட்ச் கேபிளை டைட் பண்ணேன், லூஸ் பண்ணேன். எதுவும் மாறல. கடைசில மாமண்டூர் பக்கம் வரைக்கும் தள்ளிட்டுப் போனேன். அங்க பஞ்சர் கடையும் மெக்கானிக் கடையும் சேர்ந்த மாதிரி ஒரு ஷெட். அந்த அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை. டீ கிளாஸைக் கீழ வைக்காமலே ஒரு கேள்வி கேட்டார்:

"திடீர்னு போச்சா தம்பி, கொஞ்சம் கொஞ்சமா போச்சா?"

"திடீர்னுதாண்ணா."

"அப்ப கிளட்ச் இல்ல."

எப்படி அவ்வளவு உறுதியா சொன்னார்? அந்த ஒரு கேள்விக்குள்ள மோட்டார் சைக்கிளோட நூறு வருஷக் கதை இருக்குன்னு வீட்டுக்கு வந்து படிக்கும்போதுதான் புரிஞ்சது. இன்னைக்கு அந்தக் கதைதான். என் வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கடைசில சொல்றேன், ஓட்டிப் பார்க்காதீங்க.

முதல்ல ஒரு அடிப்படை. எஞ்சின் சக்தியை உருவாக்குது. அது பின் சக்கரத்துக்குப் போய்ச் சேரணும். நடுவுல இருக்கிற பாதைக்குத்தான் டிரைவ்னு பேர். எஞ்சின் நல்லா இருந்து வண்டி நகரலைன்னா, அந்தப் பாதையில எங்கேயோ ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

இந்தப் பிரச்சினையே வராத ஒரு வண்டி இருந்தது. 1894-ல், ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில், ஹில்டெபிராண்ட் அண்ட் வுல்ஃப்முல்லர் என்ற நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டி. 'மோட்டார் சைக்கிள்' என்ற பெயரோட வரிசையா தயாரிச்சு விற்ற முதல் வண்டி அதுதான். 1,489 சிசி, ரெண்டு சிலிண்டர். பிஸ்டனோட கம்பி நேரா பின் சக்கரத்தில் போய் மாட்டியிருக்கும். நீராவி ரயில் எஞ்சின்ல பெரிய இரும்புக் கம்பி சக்கரத்தைச் சுத்துமே, அதே ஏற்பாடு. பெல்ட் கிடையாது, செயின் கிடையாது, கிளட்ச் கிடையாது. பின் சக்கரமே எஞ்சினுக்கு ஃப்ளைவீல். அறுந்து போறதுக்கு நடுவுல எதுவுமே இல்லை. ஆனா பிரிக்கவும் முடியாது. சக்கரம் நின்னா எஞ்சின் நின்னுடும். 1897-லேயே தயாரிப்பு முடிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் வந்தவங்க வேற வழியில போனாங்க. சைக்கிள் ஃபிரேமை எடு, நடுவுல ஒரு சின்ன எஞ்சினைத் தொங்கவிடு, பின் சக்கரத்துக்கு ஒரு பெல்ட் போடு. 1900-களோட ஆரம்பத்துல ஐரோப்பிய வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். முதல்ல தோல் பெல்ட், பிறகு ரப்பரும் கேன்வாஸும் சேர்த்துச் செஞ்ச வி வடிவ பெல்ட்.

ஏன் செயின் போடல? செயின் அப்பவே இருந்தது. மான்செஸ்டர்ல தொழில் பண்ணிட்டிருந்த ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிஸ்காரர் 1880-லேயே, இன்னைக்கு நம்ம வண்டியில இருக்கிற அதே வகை புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். அதுக்கு முன்னாடி இருந்த செயின்கள்ல தேய்மானம் மெல்லிசான ஓரத்துல விழும். இவர் ஊசிக்கு மேல ஒரு குழாய், குழாய்க்கு மேல ஒரு உருளைன்னு வெச்சு, தேய்மானத்தை அகலமான பரப்புக்குப் பரப்பிட்டார். சைக்கிள்காரங்க ஏத்துக்கிட்டாங்க. மோட்டார் சைக்கிள்காரங்க மட்டும் தயங்கினாங்க.

காரணம் எஞ்சின். ஒத்தை சிலிண்டர் எஞ்சின் சீராகச் சுத்துற சமாச்சாரம் இல்லை. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும், மிச்ச நேரம் ஓசியில சுத்தும். சுத்தியல் அடி மாதிரி. பெல்ட் அந்த அடியை வாங்கிக்கும். கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் வழுக்கும், சக்கரத்துக்கு அடி மெத்துனு போய்ச் சேரும். செயின்ல பல்லும் கண்ணியும் விட்டுக்கொடுக்காது. அடிச்ச அடி அப்படியே போகும்.

ஆனா பெல்ட்டுக்கு மழை ஆகாது. எண்ணெய் ஆகாது. சேறு ஆகாது. அந்தக் காலத்து வண்டிக்காரர் மழைக்காலத்துல ஒரு மேட்டுல ஏறும்போது நடக்கிறதை நினைச்சுப் பாருங்க. எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி தளரும். நான் பாலத்து மேல பார்த்த அதே காட்சி, ஸ்லோ மோஷன்ல. அவர் உடனே பெடலை மிதிக்க ஆரம்பிப்பார், வண்டியில பெடலும் இருக்கும். ஒப்பேறலைன்னா இறங்கணும். இறங்கிப் பார்க்கிற வரிசை ஒண்ணு இருக்கு: பெல்ட் ஈரமா? எண்ணெய் பட்டிருக்கா? இழுபட்டுத் தொங்குதா? தொங்கினா ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் கொக்கி போட்டு மறுபடி சேர்க்கணும். அதுக்கான கொக்கியும் துளை போடற கருவியும் பையில இருக்கும், கூடவே ஒரு மாற்று பெல்ட்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு நுணுக்கம் உண்டு. வி பெல்ட் பிடிக்கிறது புல்லியோட ரெண்டு பக்கச் சுவர்ல. ஆப்பு மாதிரி உள்ள இறங்கி நெருக்கிப் பிடிக்கும். பெல்ட் தேஞ்சு ஒல்லியாச்சுன்னா அடியில போய் உட்கார்ந்துடும், அப்புறம் பிடிமானம் போச்சு. எவ்வளவு டைட் பண்ணாலும் வழுக்கும். அதனால விவரம் தெரிஞ்சவர் பெல்ட்டைப் பார்க்க மாட்டார், புல்லியோட அடியைப் பார்ப்பார். அது பளபளன்னு இருந்தா பெல்ட்டுக்கு ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம். இன்னைக்கும் மாவு மில்லுல, பம்ப்செட்டுல இதே சோதனைதான்.

1907 மே 28. ஐல் ஆஃப் மேன் தீவுல முதல் டிடி பந்தயம். சுமார் 25 கிலோமீட்டர் சுற்று, பத்து தடவை. ரெட்டை சிலிண்டர் பிரிவுல ரெம் ஃபவுலர்னு ஒருத்தர், பெஷோ எஞ்சின் வெச்ச நார்ட்டன் வண்டி. வழியெல்லாம் பெல்ட் பிரச்சினை, ஸ்பார்க் பிளக் பிரச்சினை. ஏழாவது சுற்றுல கிட்டத்தட்ட 60 மைல் வேகத்துல டயர் வெடிச்சு விழுந்தார். விட்டுட்டுப் போயிடலாம்னு இருந்தவர்கிட்ட, வேடிக்கை பார்த்துட்டிருந்த ஒருத்தர், "நீங்க அரை மணி நேரம் முன்னாடி இருக்கீங்க"ன்னு சொன்னாராம். எழுந்து ஓட்டி ஜெயிச்சார். சராசரி வேகம் மணிக்கு 36.21 மைல், அதாவது 58 கிலோமீட்டர். அத்தனை தடவை நின்னும் அரை மணி நேரம் முன்னிலைன்னா, மத்தவங்க எத்தனை தடவை நின்னிருப்பாங்க! அன்னைக்கு வண்டி ஓட்டுறதும் ரிப்பேர் பண்றதும் ஒரே வேலை.

அடுத்த வருஷமே டிடி-யில பெடலுக்குத் தடை வந்துடுச்சு. 1911-ல் பந்தயத்தை ஸ்னேஃபெல் மலைப் பாதைக்கு மாத்தினாங்க. ஒரு சுற்றே சுமார் 60 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்குப் பக்கத்துல இருந்து 400 மீட்டருக்கு மேல ஏறணும். ஒரே கியர், வழுக்குற பெல்ட்டோட அந்த ஏத்தத்துல ஏறிப் பாருங்க.

இங்கதான் அமெரிக்காவிலிருந்து இந்தியன் வர்றாங்க. பேர்தான் இந்தியன், ஊர் மாசசூசெட்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்ட். ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ரோம் 1901-ல் வடிவமைச்ச முதல் வண்டியிலிருந்தே அவங்களுக்குச் செயின்தான். 1911 ஜூலை 3-ல் ரெண்டு கியர், செயின் டிரைவ் வண்டிகளோட சீனியர் பந்தயத்துல இறங்கினாங்க. ஆலிவர் காட்ஃப்ரே, சார்லஸ் ஃபிராங்க்ளின், ஆர்தர் மூர்ஹவுஸ். முதல் மூணு இடமும் இந்தியனுக்கே. இரண்டாவதா வந்து சேர்ந்தது மேட்ச்லெஸ் வண்டியில சார்லி காலியர். ஆனா விதிக்கு மாறா பெட்ரோல் போட்டார்னு அவரை நீக்கிட்டாங்க. அதையும் சொல்லாம விட்டா நியாயமில்லை.

யூடியூப்ல பெரும்பாலும் கதையை இங்க முடிச்சுடுவாங்க: "1911-ல் செயின் ஜெயித்தது, பெல்ட் செத்தது." அப்படி நடக்கல.

1912, 1913 ரெண்டு வருஷமும் செயின் போட்ட ஸ்காட் வண்டிகள் ஜெயிச்சது உண்மை. 1914-ல் சீனியர் பந்தயத்தை ஜெயிச்சது சிரில் புல்லின். அவர் ஓட்டினது ரட்ஜ் மல்டி. அது பெல்ட் வண்டி! எஞ்சின் பக்கப் புல்லியோட ரெண்டு சுவரையும் ஒரு நெம்புகோலால நெருக்கலாம், விலக்கலாம். நெருக்கினா பெல்ட் மேலே ஏறும், கியர் மாறும். அதே நேரத்துல பின் சக்கரத்துப் புல்லியும் அதுக்கேத்த மாதிரி விட்டுக்கொடுக்கும், அதனால பெல்ட் தொய்யாது. கியர் பாக்ஸே இல்லாம பல கியர்கள். இந்த யோசனையை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வரும்.

அப்புறம் முதல் உலகப் போர். பிரிட்டிஷ் ராணுவத்துல செய்தி கொண்டுபோறவங்க ஓட்டின டிரையம்ஃப் மாடல் ஹெச், 1915-ல் வந்தது. போர்க்காலத்துல சுமார் 30,000 வண்டி ராணுவத்துக்குப் போச்சு. 550 சிசி, மூணு கியர். எஞ்சின்ல இருந்து கியர் பாக்ஸ் வரைக்கும் செயின், கியர் பாக்ஸ்ல இருந்து பின் சக்கரத்துக்குப் பெல்ட். செயின் ஜெயிச்சு நாலு வருஷம் கழிச்சு, ராணுவத்துக்கே பெல்ட்!

ஏன்? என் கணிப்பு இது: பெல்ட் கெட்டுப்போற விதம் ஓட்டுறவங்களுக்குப் பழகியிருந்தது. அது கெடுறதுக்கு முன்னாடி பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் கெடும். வழுக்கும், தளரும், நாத்தம் வரும். அறுந்தாலும் கையால கோர்க்கலாம். ஷெல் விழுற இடத்துல 'கொஞ்சம் வழுக்குது' என்ற வண்டி, 'ஒண்ணு முழுசா ஓடும், இல்லைன்னா முழுசா நிக்கும்' என்ற வண்டியைவிட மேல்னு ஒருத்தர் நினைச்சா, தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சர்வர் மெதுவாகுறதுக்கும் சர்வர் காணாமப் போறதுக்கும் உள்ள வித்தியாசம் எங்க ஆஃபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

செயின் முழுசா வர்றதுக்கு வேற ஒரு பொருள் தேவைப்பட்டது: அடியை வாங்கிக்க ஏதாவது. 1920-ல் டிரையம்ஃப் கொண்டுவந்த எஸ்.டி. மாடல்ல ரெண்டு பக்கமும் செயின். எஸ்.டி.ன்னா ஸ்பிரிங் டிரைவ். எஞ்சினோட அடியைத் தாங்க நடுவுல ஒரு ஸ்பிரிங் வெச்சு, அதையே பேராகவும் வெச்சுட்டாங்க. ராயல் என்ஃபீல்ட் போருக்கு முன்னாடியே பின் சக்கரத்து ஹப்புக்குள்ள ரப்பர் கட்டைகளை வெச்சுட்டாங்க. இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த அந்த கம்பெனியோட புல்லட்டை, 1955-ல் மெட்ராஸ்ல என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்கன்றது நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச கதை. இன்னைக்கு உங்க வண்டியில பின் ஸ்பிராக்கெட்டுக்குள்ள 'கப்ளிங் ரப்பர்'னு மெக்கானிக் மாத்துறாரே, அது பெல்ட் செஞ்சுட்டிருந்த வேலையைத்தான் செய்யுது.

இப்போ மாமண்டூர் அண்ணனோட கேள்விக்கு வருவோம். சக்தியைக் கடத்த ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு உராய்வு: ஒரு பரப்பு இன்னொரு பரப்பை அழுத்திப் பிடிச்சு இழுக்கிறது. பெல்ட், கிளட்ச் பிளேட் எல்லாம் இந்த ரகம். இன்னொண்ணு வடிவம்: பல்லுக்குள்ள பல் மாட்டி இழுக்கிறது. செயின், ஸ்பிராக்கெட், கியர், தண்டுல இருக்கிற ஸ்ப்லைன் பற்கள் எல்லாம் இந்த ரகம். உராய்வு பொதுவா கொஞ்சம் கொஞ்சமா போகும். வடிவம் கடைசி நிமிஷம் வரைக்கும் சரியா இருக்கும், அப்புறம் ஒரே 'டக்'.

முழுக்க உராய்வுல ஆரம்பிச்ச மோட்டார் சைக்கிள், கொஞ்சம் கொஞ்சமா வடிவத்துக்கு மாறிடுச்சு. இன்னைக்கு ஒரு சாதாரண கம்யூட்டர் பைக்குல உராய்வுல ஓடுற கண்ணி ஒண்ணே ஒண்ணுதான், கிளட்ச். அது போறதுக்கு வாரக்கணக்குல முன்னாடியே மேட்டுல சத்தம் ஏறி வேகம் ஏறாது, கருகல் நாத்தம் வரும். எனக்கு அப்படி எதுவும் வரல. ஒரே 'டக்'. அதனாலதான் வண்டியைத் தொடாமலே, "கிளட்ச் இல்ல"ன்னார். நான் பாலத்து மேல கேபிளோட மல்லுக்கட்டின அந்தப் பத்து நிமிஷம்... சரி, விடுங்க.

விதிவிலக்கு இல்லாம இல்லை. பெல்ட்டும் சில நேரம் பட்டுனு அறும், அந்தக் காலத்துக் கொக்கியும் பிச்சுக்கிட்டு வரும். அதனால அவர் ஒரு கேள்வியோட நிக்கல. சென்டர் ஸ்டாண்ட் போட்டார். அடுத்து அவர் பார்த்த வரிசை: செயின் இருக்கா, ரோட்லயே விழுந்துடுச்சா? இருந்தது. செயின் லாக் இருக்கா? இருந்தது. அந்த லாக்கோட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும், திறந்த முனை முன்னாடி இருந்தா எதுலயாவது தட்டிக் கழண்டுடும். அதுவும் சரியா இருந்தது. செயின் மட்டும் வழக்கத்தைவிடத் தொளதொளன்னு இருந்தது. பின் சக்கரத்தைக் கையால சுத்தினார். சக்கரத்தோட பின் ஸ்பிராக்கெட்டும் சுத்துச்சு, அப்போ ஹப் பக்கம் பிரச்சினை இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி முதல் கியர் போட்டார். செயின் அசையல. நான் குனிஞ்சு விரலை நீட்டினேன்.

"கையை எடு தம்பி! செயின் பிடிச்சா விரல் இருக்காது."

பாதியா வெட்டி, பாதியா வெட்டித் தேடுறது. எங்க வேலையில கோடுல பிழை தேட இதையே கம்ப்யூட்டர்ல பண்ணுவோம். கியர் பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற தண்டு சுத்துதா, இல்லையா? அது சுத்தலைன்னா பிரச்சினை எஞ்சினுக்குள்ள, செலவு ஆயிரக்கணக்குல. சுத்தினா வெளிய, செலவு கம்மி. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு முன் ஸ்பிராக்கெட்டை மூடியிருக்கிற கவரைக் கழட்டினார்.

அதுக்குள்ள என்ன இருந்ததுன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஸ்கூட்டர் ஓட்டுறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. உங்க வண்டியில செயின் கிடையாது. இடது பக்க மூடிக்குள்ள ஒரு வி பெல்ட் ஓடுது. புல்லியோட சுவர் நெருங்க நெருங்க பெல்ட் மேலே ஏறும், கியர் தானா மாறும். ரட்ஜ் மல்டியோட யோசனையேதான், நெம்புகோலுக்குப் பதிலா உருளைகள் தள்ளுது. 1984-லிருந்து கைனடிக் ஹோண்டா மூலமா இந்தியத் தெருவுக்கு வந்து, இன்னைக்குப் பாதித் தெரு அதுலதான் ஓடுது. ஹார்லியும் 1980-ல் ஸ்டர்ஜிஸ் மாடல்ல பெல்ட்டுக்குத் திரும்பிடுச்சு, ஆனா அது பல் வெச்ச பெல்ட், வழுக்காது. ஸ்கூட்டர் பெல்ட் மூடிக்குள்ள இருக்கிறதால மழை படாது, நம்ம கண்ணும் படாது. 1907-ல் ஃபவுலர் குனிஞ்சு பார்த்த மாதிரி உங்களால பார்க்க முடியாது. கிளம்பும்போது அதிர்வு, முன்னைவிட மந்தம், உள்ள ஏதோ உரசுற சத்தம்னு அது சொல்லத்தான் செய்யும். ஹெட்ஃபோன் போட்டு ஓட்டினா கேட்காது. பாட்காஸ்ட் நடத்துற நானே இதைச் சொல்றேன்.

சரி, கவரைக் கழட்டினார். உள்ள முன் ஸ்பிராக்கெட் தண்டுல இருந்து நழுவி, செயின்லயே மாலை மாதிரி தொங்கிட்டிருந்தது. ஸ்பிராக்கெட் நழுவாம இருக்க அதுமேல ஒரு லாக் பிளேட், அதுக்கு ரெண்டு சின்ன போல்ட். ஒரு போல்ட்டைக் காணோம். இன்னொண்ணு பிளேட்டோட கவருக்கு அடியில கிடந்தது. தண்டோட பல் நல்லா இருந்தது. கண்ணி விட்டுப்போன இடம் அதுதான், ரெண்டு சின்ன போல்ட்.

"செயின் சிக்கி வீல் லாக் ஆகியிருந்தா லாரிக்கு அடியில போயிருப்ப"ன்னார். சாதாரணமா, டீ ஆறிடுச்சுன்னு சொல்ற தொனியில.

பழைய டப்பாவைக் கவிழ்த்து ரெண்டு போல்ட் தேடி எடுத்தார். ஸ்பிராக்கெட்டை மறுபடி ஏத்தி, பிளேட்டைப் போட்டு முறுக்கினார். "ஊருக்குப் போனதும் புதுசு போட்டு, போல்ட்டுக்கு லாக்கிங் பசை வெச்சு முறுக்கச் சொல்லு. அதுவரைக்கும் 40-க்கு மேல போகாத." 150 ரூபாய் வாங்கினார். கையைத் துடைச்சுக்கிட்டே கடைசியா ஒண்ணு கேட்டார்:

"யாரு தம்பி இதைக் கடைசியா மாட்டினது?"

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி செயின் ஸ்பிராக்கெட் செட்டை வாங்கி, வீடியோ பார்த்து, அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல உட்கார்ந்து மாத்தினது நான்தான். ஸ்டேட்டஸ்கூட வெச்சேன். அந்த ரெண்டு போல்ட்டையும் பசை இல்லாம, டார்க் ரென்ச் இல்லாம, 'போதும்'னு தோணின அளவுக்கு முறுக்கினதும் நான்தான்.

"தெரியலண்ணா, ஏதோ கடையில மாட்டினது"ன்னு சொல்லிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவர் நம்பின மாதிரி தெரியல.